ஸ்பெஷல் நாடகமும் பாய்ஸ் கம்பெனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா நாடகங்களுக்குப் போவது எனக்குப் பல வருஷப் பழக்கம். போய்வந்ததைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் கேட்பது எப்போதும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகம்னா என்ன? அதுல என்ன அப்படி ஸ்பெஷல்?

ஒரே கம்பெனியில் சேர்ந்து இருக்கும் நடிகர்கள் ஆடினால் அது கம்பெனி நாடகம். ஒரு ராத்திரிக்காக மட்டும் முருகனை ஓர் ஊரிலிருந்தும், வள்ளியை இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் என்கிற கோமாளியை மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைத்து ஆடினால் அது ஸ்பெஷல் நாடகம். ‘இன்றைக்கு ஸ்பெஷலாக இன்னார் வருகிறார்’ என்று நோட்டீஸ் போட்டுக் கூட்டம் சேர்த்த காலத்துப் பெயர், அப்படியே நின்றுவிட்டது.

நாடகம் முடிந்து விடிந்ததும் அந்தக் குழு கலைந்துவிடும். மறுநாள் அதே முருகன் வேறு ஊரில் வேறு வள்ளியோடு நிற்பார்.

இதுவும் தெருக்கூத்தும் ஒண்ணுதானே?

இல்லை. தெருக்கூத்து பெரும்பாலும் வட மாவட்டங்களின் கலை. கட்டை என்கிற மர அணிகளைக் கட்டி, கிரீடம் வைத்து, திறந்த வெளியில் ஆடுவது. பாரதக் கதைதான் அதில் முக்கியம். ஸ்பெஷல் நாடகம் தெற்கத்திக்காரர்களுடையது. உயர்த்திக் கட்டிய மேடை, முன்திரை, வரைந்த சீன், ஆர்மோனியம் எல்லாம் இதற்கு வேண்டும்.

இந்த மேடை அமைப்பு 19-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக வந்த பார்ஸி, மராட்டிக் கம்பெனிகளைப் பார்த்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது. அரண்மனை, காடு, தெரு என்று வரைந்து சுருட்டி இறக்கும் திரைகளும் அப்படி வந்தவைதான். மெட்டும் கூடவே வந்தது. இன்றைக்கும் நாரதர் சுத்தமான கர்நாடக ராகத்தில் விருத்தம் பாடிவிட்டு, அடுத்த பாட்டில் இந்துஸ்தானி மெட்டுக்குத் தாவுவார். கூட்டத்தில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படாது.

நடிகர் சங்கக் கட்டடத்துல சங்கரதாஸ் சுவாமிகள்னு பேர் பார்த்தேன். யார் அவர்? சாமியாரா?

இந்தத் தொழிலுக்கே வாத்தியார். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நாலு வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. க்ஷேத்திரங்களாகச் சுற்றி, காவியோடு திரும்பியதால் ‘சுவாமிகள்’ ஆனார். மற்றபடி வாழ்நாள் முழுக்க அவர் செய்தது நாடகம் எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான்.

முதலில் நடிகராகவும் இருந்தார். சனீஸ்வரன், எமன் மாதிரி பயமுறுத்தும் வேஷங்கள் அவருக்கு நன்றாகப் பொருந்தும். ஒருமுறை விடியற்காலையில் வேஷத்தோடு அவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்தி மிரண்டு கரு கலைந்துவிட்டது, அதோடு அரிதாரம் பூசுவதை விட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். நிஜமோ கதையோ, அதற்குப் பிறகு அவர் ஆசிரியராகத்தான் இருந்தார். பவளக்கொடி, வள்ளி திருமணம், கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று இன்றும் கிராமங்களில் ஓடுவதெல்லாம் அவர் எழுதிய பாடம்தான். அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று அவரிடம் படித்த அவ்வை தி.க. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அப்போதும் கம்பெனியோடுதான் ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பரில் புதுச்சேரியில் இறந்தார், கருவடிக்குப்பத்தில் அடக்கம். சென்னைக்காரர்களுக்கு அவர் ஓர் அரங்கத்தின் பெயர். மதுரை நாடகக்காரர்களோ வருஷா வருஷம் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள்.

நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்?

அவரும் பெரியவர்தான், ஆனால் அவருடைய உலகம் வேறு. பம்மல் சம்பந்த முதலியார் சென்னை வக்கீல், பிறகு நீதிபதி. 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபாவில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்குக்கு நடித்தார்கள். நாடகம் நின்றால் அவர்களுக்குச் சோறு நிற்காது. அந்தப் பக்கம் மனைவி மக்களை வைத்துக்கொண்டு நாடகத்தை மட்டும் நம்பி இருந்தவர்கள் தொழில்முறைக்காரர்கள். இந்தப் பதிவு முழுக்க அவர்களைப் பற்றியது.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன என்பதும் உண்மை. பம்மலின் ‘மனோகரா’ நாடகத்தைக் கம்பெனிகளும் எடுத்து ஆடின. பாட்டு அதிகம், வசனம் குறைவு என்றிருந்த மேடையில் உரைநடை வசனத்துக்கு மரியாதை வந்ததில் அவர் பங்கு பெரிது. எனக்கு ஒரே குறை, பாடப்புத்தகம் வக்கீல்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட மதுரைக்காரர்களுக்குக் கொடுக்கவில்லை.

பாய்ஸ் கம்பெனில சின்னப் பசங்களை மட்டும் ஏன் சேர்த்தாங்க?

பெரிய நடிகர்களை மேய்க்க முடியவில்லை, அதுதான் முதல் காரணம். குடித்துவிட்டு வருவது, முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் இருப்பது, மேடையில் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவது. சுவாமிகளே இதில் நொந்து போனவர். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நடத்திப் பார்த்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது முழுக்கச் சிறுவர்கள். பையன்கள் சொன்னதைக் கேட்பார்கள், பாடத்தை வரி தவறாமல் ஒப்பிப்பார்கள், பெண் வேஷமும் கட்டுவார்கள். சம்பளமும் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாழ்க்கை கஷ்டம்தான். ‘கம்பெனி வீடு’ என்று ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து எல்லாரும் அங்கேயே தங்குவார்கள். காலையில் சங்கீதம், அப்புறம் பாடம், ராத்திரி நாடகம். அடி சர்வசாதாரணம். சாப்பாடு உத்தரவாதம் என்பதற்காகவே ஏழு, எட்டு வயசுப் பையனைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் இருந்தார்கள். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்தது அப்படித்தான். சிவாஜி கணேசன் சின்ன வயதில் ‘நான் அநாதை’ என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார். அவரே பின்னால் சொன்ன விஷயம் இது.

பையன்கள் எல்லாரும் பயந்த ஒரு வார்த்தை ‘மகரக்கட்டு’. வயசுக்கு வரும்போது குரல் உடைவதற்கு அந்தப் பெயர். நேற்று வரை ஐந்து கட்டை சுருதியில் பாடிய ஸ்திரீபார்ட் (பெண் வேஷக்காரன்), இன்றைக்கு வாயைத் திறந்தால் தகரத்தைத் தேய்த்த மாதிரி சத்தம் வரும். அதோடு அவன் மவுசு போயிற்று. சிலருக்குக் குரல் திரும்ப வந்தது, சிலர் பின்பாட்டுக்கோ சீன் இழுக்கவோ போனார்கள், பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கம்பெனிங்க உடைஞ்ச பிறகுதான் ஸ்பெஷல் நாடகம் வந்துச்சா?

பலர் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் தவறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியவை. மேலே சொன்ன ஒழுங்கற்ற பெரிய நடிகர்கள் யார்? அன்றைய ஸ்பெஷல் நாடகக்காரர்கள்தான். அவர்களுக்கு மாற்றாகத்தானே பையன்கள் கம்பெனி பெருகியது! கம்பெனியில் வளர்ந்து பெயர் எடுத்தவன் தனியாகப் போனால் ஒரு ராத்திரிக்கு அதிகம் கிடைக்கும் என்று ஸ்பெஷலுக்குப் போவான். கம்பெனி பள்ளிக்கூடம் மாதிரி, ஸ்பெஷல் சந்தை மாதிரி.

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஜோடிதான் இந்தச் சந்தையின் உச்சம். செங்கோட்டைக்காரர் ஒருவர், கொடுமுடிக்காரர் ஒருவர். இருவரும் சேர்ந்தது இலங்கையில் நடந்த நாடகத்தில். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் வெளியில் நிற்பவனுக்கும் கேட்கிற குரல்கள். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதையே விட்டார். 1935-இல் படத்தில் நந்தனாராக ஆண் வேஷம் கட்டியதற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார்.

அந்தக் காலத்துல பொண்ணுங்க மேடை ஏறவே இல்லன்னு சொல்றாங்களே?

பாய்ஸ் கம்பெனிக்குள் ஏறவில்லை. வெளியே ஏறினார்கள், நடத்தவும் செய்தார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்தைப் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே ரயில் விட்டார்கள், அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் என்பார்கள். முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியும் நாடகத்திலிருந்து வந்தவர்தான். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் வேஷம் கட்டி, ஆண் வேஷத்தில் பெயர் எடுத்த பெண்களும் உண்டு.

இன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் பெண் வேஷத்தைப் பெண்கள்தான் கட்டுகிறார்கள்.

ஒத்திகையே கிடையாதாமே? அப்புறம் எப்படி விடிய விடிய நடிக்கிறாங்க?

எல்லாருக்கும் ஒரே பாடம் மனப்பாடம், அதுதான் ரகசியம். மூன்றாவது பதிலில் சொன்ன சுவாமிகளின் நாடகங்கள் எல்லா நடிகர்களுக்கும் பொதுச் சொத்து மாதிரி. முருகன் எங்கே நுழைவார், எந்தப் பாட்டுக்கு வள்ளி எந்தப் பாட்டால் பதில் சொல்வார், இருவரும் வாதாடும் ‘தர்க்கம்’ எங்கே வரும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் இட்டு நிரப்புவது அவரவர் சாமர்த்தியம்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒன்பதரை மணி. தார்ப்பாய் கட்டிய மறைப்புக்குள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, கைக்கண்ணாடியைப் பெட்டி மூடியில் சாய்த்து, முருகன் முகத்துக்கு ரோஸ் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். வள்ளி வேனிலிருந்து இறங்கி வந்தார். இருவரும் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. “வணக்கம்ணே. நீங்க எத்தனை கட்டைண்ணே?” “நாலு. உனக்குத் தோது எதும்மா?” “நாலரை வேணும்ணே.” ஆர்மோனியக்காரர் மூலையிலிருந்து, “தர்க்கத்துக்கு நாலரை வச்சுக்குவோம், முருகன் தனியாப் பாடுறப்ப இறக்கிடுறேன்” என்றார். “தர்க்கம் ஒரு மணி நேரம் போதுமாண்ணே? நாளைக்கு வேற ஊர்.” “போதும்மா.” அவ்வளவுதான் ஒத்திகை. அந்த ராத்திரி தர்க்கம் இரண்டரை மணி நேரம் ஓடியது, அது வேறு கதை.

இதில் ஆர்மோனியக்காரர் முக்கியம். மேடை ஓரத்தில் உட்கார்ந்து அவர்தான் நாடகத்தையே ஓட்டுவார். நடிகர் தடுமாறினால் அடுத்த அடியைப் பின்பாட்டில் எடுத்துக் கொடுப்பார், இழுத்தால் சுருதியை ஒரு அழுத்து அழுத்தி ‘போதும்’ என்பார். மிருதங்கம், தாளம் தவிர ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒருவர் உண்டு. விழுவதற்கும் அறைவதற்கும் இடிக்கும் மழைக்கும் சத்தம் கொடுப்பது அவர் வேலை.

நான் போனப்ப ரெண்டு மணி நேரம் வெறும் காமெடியும் டான்ஸும்தான். நாடகம் எப்போ ஆரம்பிக்கும்?

அதுவும் நாடகம்தான்! பத்து மணி வாக்கில் வாத்தியக்காரர்கள் கடவுள் வாழ்த்து வாசித்து முடித்ததும் பபூன் வருவார். தனியாக நின்று கதை அளப்பார், பாடுவார், ஊர்ப் பெரிய மனுஷனைச் சீண்டுவார். அப்புறம் டான்ஸ்காரப் பெண் வருவார், இருவருக்கும் வாய்ச்சண்டையும் டூயட்டும். குழந்தைகளுக்கும் இளவட்டங்களுக்கும் இந்தப் பகுதி. அவர்கள் தூங்கப் போன பிறகு, நள்ளிரவைத் தாண்டித்தான் கதைக்குள் போவார்கள்.

வயசானவர்கள் அதற்காகவே ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவார்கள். வள்ளி தினைப்புனத்தில் கவண் வீசிப் பறவை விரட்டும் கட்டம், நாரதரோடு தர்க்கம், வேடனாக வந்த முருகனோடு தர்க்கம். இந்தத் தர்க்கம்தான் உயிர். ‘உலகத்தில் பெரியது எது’, ‘ஆண் உசத்தியா பெண் உசத்தியா’ என்று கேள்வி மேல் கேள்வி போட்டு மடக்குவார்கள். பதில் தெரியாமல் ஒரு வள்ளி முழித்தால் அந்தச் செய்தி மறுநாளே மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பபூனின் பேச்சு சில இடங்களில் ஆபாசமாகத்தான் இருக்கும். எல்லாக் காலத்திலும் இப்படித்தான் என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல பபூனுக்கு அது தேவைப்படாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எப்படி புக் பண்றது? சம்பளம் யாரு பேசுவா?

விழாக் கமிட்டி ஆட்கள் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாதிரி ஊர்களிலுள்ள நாடக நடிகர் சங்கத்துக்கோ ஓர் ஏஜென்டிடமோ போவார்கள். எந்த நாடகம், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், பபூன் யார் என்று பேசி அட்வான்ஸ் கொடுத்தால், அவர் ஒவ்வொரு நடிகரின் தேதியையும் பார்த்துப் பூட்டுவார். சம்பளம் ஆளுக்கு ஆள் வேறு. பெயர் பெற்ற ராஜபார்ட்டும் டான்ஸ்காரரும் வாங்குவதற்கும் தாளக்காரர் வாங்குவதற்கும் பெரிய இடைவெளி உண்டு. பிறகு நோட்டீஸ் அடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சதுரமாக ஒரு போட்டோ, பெயருக்கு முன்னால் பட்டம், கீழே ஊர்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் நல்ல நடிகரின் தேதி கிடைக்காது, தினம் ஓர் ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே நடிகர் வீட்டில் சும்மா இருப்பார். சீசனில் வாங்கியதை வைத்து அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். பல வீடுகளில் வட்டிக் கடன் உள்ளே வருவது அப்போதுதான்.

சுதந்திரப் போராட்டத்துல நாடகக்காரங்களுக்குப் பங்கு இருந்துச்சா?

நிறையவே. புராண நாடகத்துக்குள் தேசியப் பாட்டைச் செருகுவது அவர்கள் உத்தி. வள்ளி தினைப்புனத்தில் விரட்டும் வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், காவலுக்கு நிற்கும் போலீசுக்கும் தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய அந்தக் கொக்குப் பாட்டை ஊர் ஊராகப் பாடியவர் சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று.

அவர் மருத்துவர் சமூகம். முடிவெட்டும் சாதிக்காரனோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தார்கள். தியாகி என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்போ நாடகக்காரங்களுக்குள்ளயும் சாதி பார்த்தாங்களா? வெளியில மட்டும் ‘கூத்தாடி’ன்னு திட்டு வாங்கினாங்கன்னு நினைச்சேன்.

இரண்டும் நடந்தது. மேடையில் ராஜா, ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்காது. நடிகைகளுக்கு இன்னும் மோசம். ராத்திரியில் ஊர் ஊராகப் போகிற பெண் என்றாலே பேச்சுதான். அதனால் பல நடிகைகள் பொதுப் பேருந்தைத் தவிர்த்து, சேர்ந்து வேன் பிடித்துப் போவார்கள். கிராமத்தில் இறங்கினால் நேராக மறைப்புக்குள், முடிந்தால் நேராக வேனுக்குள். பிள்ளைகளை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவிடாமல் படிக்க வைத்த நாடகக் குடும்பங்கள் பல.

சினிமா வந்துதான் நாடகத்தைக் கொன்னுடுச்சு, சரிதானே?

கம்பெனிகளைப் பொறுத்தவரை பெருமளவு சரி. 1931-க்குப் பிறகு வந்த படங்கள் பாதிக்கு மேல் நாடகத்தைத் தூக்கி அப்படியே கேமரா முன் வைத்தவை. மேடையில் பவளக்கொடியாகவும் அர்ச்சுனனாகவும் நடித்துக்கொண்டிருந்த எஸ்.டி. சுப்புலட்சுமியும் தியாகராஜ பாகவதரும் 1934-இல் அதே வேஷத்தில் படத்துக்குப் போனார்கள். நடிகன் போனான், பின்னாலேயே பாட்டும் கூட்டமும் போயிற்று. இடமும் போயிற்று: நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகை ஆயின. ‘கொட்டகை’ என்ற சொல்கூட நாடகத்திடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

சில கம்பெனிகள் தாக்குப் பிடித்தன. நவாப் ராஜமாணிக்கத்தின் மேடைத் தந்திரங்களைப் பற்றிப் பார்த்தவர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். அவருடைய ஐயப்பன் நாடகம் தமிழ்நாட்டில் சபரிமலைப் பக்தியைப் பரப்பியதில் முக்கியமானது. அந்தக் கம்பெனியில் வளர்ந்த எம்.என். நம்பியார்தான் பின்னால் பெரிய குருசாமி ஆனவர். ஸ்பெஷல் நாடகம் ஏன் சாகவில்லை? அது டிக்கெட்டை நம்பி இல்லை. ஊர் வரி போட்டு, சாமிக்கு நேர்ந்து, இலவசமாக நடத்துவது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டது நாடகம் என்றால் படம் போட்டு ஈடுகட்ட முடியாது.

இலங்கையிலயும் இதே நாடகம் உண்டா?

உண்டு. இங்கிருந்து போன கம்பெனிகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாதக்கணக்கில் தங்கி ஆடின. அந்த விதை அங்கே இசை நாடகமாக வளர்ந்தது. காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பற்றி யாழ்ப்பாணத்துக்காரர் யாரிடமாவது கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

பார்க்கணும்னா எங்க, எப்போ போகணும்? நடுவுல தூங்கிட்டா?

மேலே சொன்ன சீசனில், மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் பேருந்தில் போனால் சுவரில் நோட்டீஸ் தெரியும். தேதியையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. பாயோ துண்டோ எடுத்துப் போங்கள், இடம் பிடிக்க அதுதான் டிக்கெட். ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். கண்ணால் நடக்கும் பேச்சுவார்த்தையெல்லாம் அங்கேதான்.

தூங்கலாம், தப்பில்லை. பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் “தர்க்கம் ஆரம்பிச்சா எழுப்பிவிடுங்க ஆத்தா” என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். நான் அப்படித்தான் செய்வேன். இதுவரை ஒருமுறைகூட எழுப்பாமல் விட்டதில்லை.